ஊறின பயறு அளவுதான்

போட்டேன். போட்டிருப்பேன். முப்பத்தோரு வருஷமா போட்டுண்டு வர கை, இன்னிக்கு மட்டும் போடாம விட்டுடுமா என்ன. ஆனா போட்டது ஞாபகம் இல்லையே. அரிசியும் பருப்பும் குழைஞ்சு மேலே வந்தது ஞாபகம் இருக்கு. கரண்டியால ஒரு சுத்து சுத்தினது ஞாபகம் இருக்கு. உப்பு மரவைக்குள்ள கையை விட்டேன், கல்லுப்பு கரகரன்னு உள்ளங்கையில பட்டது, அதுவரைக்கும் எல்லாம் பளிச்சுனு இருக்கு. அப்பத்தான் இந்த சௌரி, எனக்கு முதுகைக் காட்டிண்டு இஞ்சி நறுக்கிண்டிருந்தவன், "தலை இப்ப எப்படி இருக்கு அண்ணா?"ன்னான். கேக்கற நேரமாடா அது? பன்னெண்டு வருஷமா என்னோட இந்த மடப்பள்ளியில நிக்கறான், அடுப்பு எரியறச்சே வாயைத் திறந்தவனே இல்லே, யாரும் திறக்கறதில்லே, பெருமாளுக்குப் போற சாதத்துல எச்சில் தெறிச்சுடக் கூடாதுன்னு மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால கட்டிண்டு ஊமையாட்டம்தான் நிப்போம். இன்னிக்கு அவனுக்கு என் மேல கரிசனம் பொங்கிடுத்து. விழுந்து ஒண்ணரை மாசம் கழிச்சு முதல் நாள் வந்திருக்கேனோல்லியோ. "தேவலைடா"ன்னு தலையை ஆட்டினேன். அதுக்கப்பறம் எனக்கு ஞாபகம் இருக்கறது வேஷ்டியில கையைத் துடைச்சுண்டது. நடுவுல ஒண்ணுமே இல்லே, யாரோ கத்தரிக்கோலால வெட்டி எடுத்துண்டு போனாப்பல இருக்கு. துடைச்ச கையில உப்பு இருந்துதா, வெறும் ஈரமா? அதையாவது பார்த்திருக்கலாம். உடனே போய்க் கையை வேற அலம்பிண்டுட்டேன், மடையன்.

சரி, பதறாதே. இன்னும் அரை மணி இருக்கு. தவலையை இறக்கி, மூடி போட்டு, மூடி மேல தணலை வாரிப் போட்டாச்சு. எட்டரைக்கு முகுந்த பட்டர் வருவார், நெய்யில மிளகு சீரகம் பொரிச்சுக் கொட்டி ஒரு கிளறு கிளறிக் கொடுத்தா, சந்நிதிக்குள்ள எடுத்துண்டு போய்த் திரை போட்டுடுவார். அதுக்குள்ள தெரிஞ்சா போறும். மரவையைப் பார்த்தேன். காலம்பற சௌரி கழுத்து வரைக்கும் ரொப்பி வெச்சிருக்கான், அதுல ரெண்டரைக் கை போனா என்ன தெரியும், போகலேன்னா என்ன தெரியும்? நாலு படி பொங்கலுக்கு ரெண்டரைக் கை, என் கைக்கு. வாயில ஒரு பருக்கை போட்டுண்டா முடிஞ்சுது விஷயம். அது முடியாது. பெருமாள் சாப்பிடறதுக்கு முன்னாடி மனுஷ நாக்குல பட்டா அது எச்சில், கோயில் கோயிலா அதுதான் சட்டம். எங்க கோயில்ல அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. பெருமாளுக்குப் பண்ற தளிகை மேல சந்தேகம்னு எவனாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்தத் தளிகை உள்ளே போகக் கூடாது. அடிப்பிடிச்சுதோன்னோ, கல் கிடந்துதோன்னோ, உப்பு இருக்கோ இல்லியோன்னோ, சொன்னா சொன்னதுதான். அப்படியே வெளியில எடுத்துட்டு, அடுப்பை மெழுகி, முதல்லேருந்து பண்ணணும். அதுவரைக்கும் பெருமாள் பட்டினி. எனக்கு முந்தி இருந்த ரங்காச்சாரி ஒரே ஒரு தடவை, புளியோதரையில, சொல்லிட்டார். செத்துப்போற வரைக்கும் ஊர்ல அவருக்கு சந்தேகம் ரங்காச்சாரின்னு பேர். அவர் பேரனைக்கூட சந்தேகத்தாத்து அம்பின்னுதான் கூப்பிடறா. எனக்கு, இந்த ஆராமுதுக்கு, அது வரலே. ஒரு தவலைகூட என் கையால வெளியில போனதில்லே.

ஏன் போகலேங்கறது எனக்கும் பெருமாளுக்கும்தான் தெரியும். முகத்துணி கட்டறது எச்சிலுக்கு மட்டும் இல்லே, அவர் மோக்கறதுக்கு முன்னாடி நாம மோந்துடக் கூடாதுன்னும்தான். நான் மோந்திருக்கேன். முப்பத்தோரு வருஷமா, தினம், மூடியைத் திறக்கற அந்த ஒரு க்ஷணம், வேர்வை துடைக்கறாப்பல கட்டை விரலால துணியைச் சித்த கீழே தள்ளி, ஒரே ஒரு மூச்சு. எல்லாம் தெரிஞ்சுடும். பருப்பு வறுபட்டது போறுமா, அரிசி பழசா புதுசா, அடியில கரண்டி போகாத இடம் எங்கே இருக்கு, எல்லாம். உப்பு போட்ட ஆவி வேற, போடாத ஆவி வேற. உப்புக்கு வாசனையே கிடையாது ஐயான்னு, விழுந்தப்பறம் என்னைப் பார்த்த டாக்டர் பொண்ணு சொன்னா. சின்னப் பொண்ணு, அவ என்னத்தைக் கண்டா. போடாத பொங்கல் குழந்தை வாய்ப் பாலாட்டம் மொழுக்குனு இருக்கும். போட்டா ஒரு எடுப்பு வந்துடும். இதை எப்படி அவளுக்குச் சொல்லிப் புரியவெக்கறது? வாயால சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் மோக்கறேன்.

தஞ்சாவூர்ல அவளோட ஆஸ்பத்திரியில ஒரு வெளிச்சப் பலகையில என் தலையை மாட்டி வெச்சு அவ காமிச்சா. நஸ்ரின்னு பேரு. ரெண்டா உடைச்ச தேங்காயாட்டம் இருந்தது, என் தலைன்னு நம்பவே முடியலே. ஈரக் கல்லுல வழுக்கி மல்லாக்க விழுந்தவன், பின்மண்டையில ரெண்டு தையல், அவ்வளவுதானே, மூக்குக்கு என்ன வந்துது, ஒரு வாசனையும் தெரியலியேன்னு கேட்டேன். "உங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு ஐயா. மூக்கு வெறும் வாசப்படி. உள்ள வந்தது என்ன வாசனைன்னு கண்டுபிடிக்கிறவர் மேல இருக்காரு"ன்னா. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, மூக்குக்கு நேர் மேல, மூளைக்கு அடியில ரெண்டு குமிழாம். முகர்வுக் குமிழ். எவ்வளவு பெரிசும்மான்னேன். யோசிச்சா. "சமையல்காரர்ன்னீங்களே, ஊறின பாசிப்பயறு அளவுன்னு வச்சுக்குங்களேன்." அதுக்குக் கீழே சல்லடையாட்டம் ஓட்டை ஓட்டையா ஒரு எலும்பு, அந்த ஓட்டை வழியா மூக்குலேருந்து நூல் நூலா நரம்பு மேலே போறதாம். விழுந்த வேகத்துல மூளை ஒரு குலுங்கு குலுங்கி, நூலெல்லாம் பட் பட்டுனு அறுந்து போச்சு. நான் அந்தப் படத்தையே பார்த்துண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆராமுதோட பொங்கல் ஆராமுதோட பொங்கல்னு ஊரே கொண்டாடித்தே, ஆராமுது எங்கேடா பண்ணினான், ரெண்டு பாசிப்பயறுன்னா பண்ணியிருக்கு. கூச்சமா இருந்தது எனக்கு. இன்னொண்ணும் சொன்னா. அந்தக் குமிழ்லேருந்து ஞாபகம் வெச்சுக்கற இடத்துக்கு நேர் வழியாம், பார்க்கறதுக்கும் கேக்கறதுக்கும்கூட அப்படி நேர் வழி கிடையாதாம். அன்னிக்கு அது காதுல விழுந்துதே தவிர மனசுல விழலே. இப்பன்னா விழறது. பருப்பு வாசனை வந்தா அடுத்தது அரிசி, அரிசி வாசனை மாறினா அடுத்தது உப்பு, உப்பு போட்டு ஆவி மாறினா மூடி. நான் எதையுமே ஞாபகம் வெச்சுக்கலே. அது வெச்சுண்டிருந்தது. நான் சும்மா கரண்டியைப் பிடிச்சுண்டு நின்னிருக்கேன்.

என் ஆத்துக்காரி குமுதாதான் முதல்ல கண்டுபிடிச்சா. ஆத்துல அடுப்புல பால் பொங்கித் தீஞ்சு புகை மண்டிண்டிருக்கு, நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுண்டிருக்கேன். ஓடி வந்து அடுப்பை அணைச்சவ என்னையே பார்த்தா. திட்டுவாள்னு காத்துண்டிருந்தேன், திட்டலே, அதுதான் பயமா இருந்தது. தஞ்சாவூர் போயிட்டு வந்த சாயங்காலத்துலேருந்து நாலு குப்பி. ஏலக்காய், கிராம்பு, எலுமிச்சந்தோல், யூகலிப்டஸ் தைலம். காலம்பற ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, டாக்டர் சொன்னாப்பல ஒவ்வொண்ணையும் மூக்குக்கிட்ட பிடிச்சு, "நினைச்சுக்கோங்கோன்னா, ஏலக்காய் எப்படி இருக்கும், நன்னா நினைச்சுக்கோங்கோ"ம்பா. நினைச்சுப்பேன். ஒண்ணும் வராது. வெறும் காத்து, குளிர்ந்த காத்து, சூடான காத்து, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நாள் அவ தலை குளிச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. முப்பது வருஷமா தெரிஞ்ச தலை. மோந்து பார்த்தேன். பக்கத்தாத்து மாமி வந்து உக்காந்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணுதான்னு தோணித்து. அழுதுட்டேன், ஆம்பளைன்னும் பார்க்காம. கோயில் ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுங்கோன்னா இவ. சொன்னா? வாசனை தெரியாத பரிசாரகனை எந்தக் கோயில்ல வெச்சுப்பா? செருப்புக்கு டோக்கன் கொடுக்கற இடத்துல உக்காத்தி வெப்பா. "பெருமாள் கோச்சுக்க மாட்டார்"ன்னா. பெருமாளைப் பத்தி யாருடி பேசினா, எக்ஸிகியூட்டிவ் ஆபீசரைப் பத்தின்னா பேசிண்டிருக்கேன்னு கத்தினேன். பாவம், அவ மேல கத்தி என்ன.

ஐயோ, கருகறது. கருகறதே! அடிப்பிடிச்சுடுத்து, தணல் ஜாஸ்தியாப் போயிடுத்து, மூடியைத் திறடா ஆராமுது, கைத்துணி எங்கே. இரு. சௌரியைப் பாரு. சௌரி அசையலே. வாணலியைத் தேய்ச்சுத் துடைச்சுண்டிருக்கான், நிதானமா, ஒண்ணுமே நடக்காதாப்பல. நிஜமா கருகினா அவன் மூக்கு துணிக்குள்ளேயே துடிச்சிருக்கும். அப்படின்னா இது என் கருகல். பத்து நாளா இது ஒண்ணு. படுக்கையில, பஸ்ஸுல, குளிக்கறச்சே, எங்கேயோ எதுவோ தீயறது. அறுந்த நூல் திரும்ப வளரறச்சே தப்பான இடத்துல போய் ஒட்டிண்டா அப்படித்தான் இருக்கும், பயந்துடாதீங்க, நல்ல அறிகுறிதான்னா டாக்டர் பொண்ணு. நல்ல அறிகுறியாம். சொல்றதுக்கு நன்னாத்தான் இருக்கு. ஆனா நிஜமாவே அடிப்பிடிச்சா அதை இதுலேருந்து எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுப்பேன், சொல்லு. இனிமே ஒவ்வொரு நாளும் சௌரி மூஞ்சியைப் பார்த்துத்தான் என் தவலை கருகறதா இல்லியான்னு தெரிஞ்சுக்கணுமா? அதுவும் பாதி மூஞ்சி.

தண்டனைன்னு தோணறது. ராத்திரி பகல் இதேதான். எனக்கு முன்னாடி நீ மோந்தே, எடுத்துண்டுட்டேன்னு பெருமாள் சொல்லாம சொல்றாரோ? நான் என்ன ஆசைப்பட்டா மோந்தேன்? உமக்கு உப்பில்லாமப் போயிடக் கூடாதேன்னுதானே மோந்தேன். பொய் சொல்லாதே. அந்த வாசனை பிடிச்சுத்தான் மோந்தே. நெய் விழுந்து மிளகு வெடிக்கறச்சே வரதே, அதுக்கு முன்னாடி சொர்க்கமும் கிடக்கட்டும் எல்லாமும் கிடக்கட்டும்னு இருக்குமே. ஆமாம், பிடிச்சுது. அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? ரெண்டு பயறைப் பிடுங்கிண்டு உமக்கு என்ன ஆகப் போறது.

மணி எட்டு இருபது. யோசி, உருப்படியா யோசி. இப்ப ரெண்டரைக் கை போட்டா? ஏற்கெனவே போட்டிருந்தா உப்புக் கரிக்கும், வாயில வெக்க முடியாது. ஒண்ணேகால் போட்டா? போட்டிருந்தா அப்பவும் கரிக்கும், போடாம இருந்திருந்தா அப்பவும் சப்புனு இருக்கும், ரெண்டும் கெட்டான். பேசாம விட்டுடு. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. உள்ளே போயிடும், திரை விழும், திரை எடுக்கும், பட்டர் வாயில போட்டுப்பார், சனிக்கிழமைக் கூட்டம் நூறு பேர் தொன்னையை நீட்டுவா. உப்பில்லேன்னா என்ன, பிரசாதம்னு கண்ணுல ஒத்திண்டு சாப்பிடுவா, ஒருத்தரும் மூச்சு விட மாட்டா. யாருக்கும் தெரியாது. பெருமாளுக்கு? அவர் என்னிக்கு வாயைத் திறந்து சொன்னார், ஓய் ஆராமுது, இன்னிக்கு உப்பு கம்மின்னு. அதுதான் கஷ்டமே. சொல்லவே மாட்டார். சப்புனு இருந்தாலும் சாப்பிட்டுட்டு சிரிச்சுண்டு நிப்பார், என்னை நம்பி. சௌரி நெய்ச் சட்டியை எடுக்க உள் அறைக்குப் போறான். இதோ, யாருமில்லே. மூடியை நகர்த்தி, கரண்டி நுனியில ஒரு பருக்கை, நாக்குல வெச்சுத் துப்பிட்டா ஒரு நிமிஷம்கூட ஆகாது. நாக்குக்கு ஒண்ணும் ஆகலே, உப்பும் புளிப்பும் இன்னும் தெரியறது, அதை எடுத்துக்கலே அவர். கை மூடி வரைக்கும் போயிடுத்து. முகத்துணியை இறக்கிட்டேன். மூடியை இன்னும் நகர்த்தலே. முப்பத்தோரு வருஷம் திருட்டுத்தனமா மோந்தேனே, ஒரு நாள்கூட நாக்குல வெச்சதில்லே. முடியலே. என்னால முடியலே. கையை எடுத்துண்டுட்டேன்.

வெளியில பட்டரோட சாவிக்கொத்து சத்தம், பிராகாரத்துல வந்துண்டிருக்கார். சௌரி நெய்ச் சட்டியோட வந்து அடுப்புல வெச்சான். மிளகை எடுத்துக் கொடுத்தான். நான் வாங்கிக்கலே.

"சௌரி"ன்னேன். துணி இல்லாத வாயால, நல்ல சத்தமா. "நான் உப்பு போட்டேனா?"

அவன் கையில மிளகுத் தட்டு அப்படியே நின்னுது. சொன்னது சொன்னதுதான்னு அவனுக்கும் தெரியும். மெதுவா தன் துணியை இறக்கினான். "நான் பார்க்கலியே அண்ணா."

"எனக்கு ஞாபகம் இல்லேடா. ஆவியில தெரியும் எனக்கு, தினம் அப்படித்தான் பார்ப்பேன், மோந்துதான் பார்ப்பேன். இப்ப எனக்கு வாசனை தெரியலே. ஒண்ணரை மாசமா ஒரு வாசனையும் தெரியலே." சொல்லச் சொல்ல மூச்சு வாங்கித்து, மலை ஏறினாப்பல.

"தெரியும்"ன்னான்.

"என்னடா தெரியும்?"

"நேத்திக்கு, இன்னிலேருந்து வேலைக்கு வரேன்னு சொல்றதுக்கு வந்தேளே, அப்ப மடப்பள்ளி வாசல்ல பெருச்சாளி செத்துக் கிடந்தது. நாங்கள்ளாம் மூக்கைப் பொத்திண்டு தெற்கு வாசலுக்கே ஓடிட்டோம். நீங்க அதுக்குப் பக்கத்துல நின்னுண்டு நிம்மதியா வெத்தலை போட்டுண்டிருந்தேள்."

எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியலே. "ஏன்டா கேக்கலே?"

"காலம்பற கேட்டேனே அண்ணா, தலை எப்படி இருக்குன்னு. நீங்கதான் தலையை ஆட்டிட்டேள்."

வாசப்படியில பட்டர் நின்னுண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ. கீழே இறங்கியிருந்த துணிகளைப் பார்த்தார், மூடின தவலையைப் பார்த்தார். அவர்கிட்டயும் சொன்னேன், முழுசா, மோந்ததையும் சேர்த்து. அவர் முகம் மாறலே. தோள்ல இருந்த பட்டு வஸ்திரத்தை எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டிண்டு, "எத்தனை நேரம் ஆகும்?"னு மட்டும் கேட்டார்.

"அடுப்பை மெழுகி, எல்லாம் ஆகறதுக்கு ஒரு மணி ஆயிடும்."

"ஆகட்டும். அவருக்கு என்ன, பஸ்ஸா போயிடும்?" திரும்பி ரெண்டு அடி வெச்சவர் நின்னார். "நாளைக்கு நீர்தானே?"

"வாசனை தெரியலேன்னு சொன்னேனே சுவாமி."

"அதான் சொன்னீரே"ன்னுட்டுப் போயிட்டார். சித்த நேரத்துல மண்டபத்துலேருந்து அவர் குரல் கேட்டுது, தளிகைக்குத் தாமதம் ஆறது, எல்லாரும் உக்காருங்கோன்னு. காரணம் சொல்லலே. யாரோ ஒரு மாமி முணுமுணுத்தா, யாரோ ஒரு குழந்தை பசிக்கறதுன்னு அழுதது. அதுக்காவது நான் ஓடணும்.

சௌரியும் நானும் தவலையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் கிணத்தடிக்குத் தூக்கிண்டு போனோம். இனிமே அது பெருமாளோடது இல்லே. வெறும் சாதம், மாட்டுக்குப் போகும், யார் வேணும்னாலும் தொடலாம். மூடியைத் திறந்தேன். ஆவி மூஞ்சியில அடிச்சுது, சூடான காத்து. ரெண்டு விரலால கிள்ளி வாயில போட்டுண்டேன்.

உப்பு இருந்தது. கூடவும் இல்லே, குறையவும் இல்லே, என்னிக்கும் இருக்கறாப்பலயே. நான் அங்கே இல்லாதப்போ என் கை பாட்டுக்குப் போட்டிருக்கு. நாக்குல அதை வெச்சுண்டு முழுங்கவும் தோணாம நின்னேன். சௌரி என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவனும் ஒரு வாய் எடுத்துப் போட்டுண்டான். மென்னான். "அண்ணா"ன்னான். இன்னொரு வாய் எடுத்துண்டான். கிணத்தடிக் கல்லுல உக்காந்து ரெண்டு பேரும் பைத்தியக்காராளாட்டம் சிரிச்சோம், எனக்குக் கண்ணுலேருந்து ஜலம் கொட்டிண்டே இருந்தது. இதுக்காடா மானத்தை விட்டோம்னு கேட்டேன். நான் எழுந்துக்கறதுக்கு அவன் கை கொடுத்தான்.

அடுப்பை மெழுகினோம். கோலம் போட்டான். புதுத் தவலை ஏறித்து. பருப்பு, அரிசி, ஜலம். எரியற விறகையே பார்த்துண்டு நின்னேன், ஒண்ணும் பேசலே, எப்பவும்போல துணி கட்டிண்டு. குழைஞ்சு மேலே வந்தது, ஒரு சுத்து சுத்தினேன், மரவைக்குள்ள கையை விட்டேன். அப்ப வந்தது வினை. கையையே உத்துப் பார்த்துண்டிருந்தா எவ்வளவு அள்ளணும்னு கைக்கே தெரியலே, திருதிருன்னு முழிக்கறது. சௌரி பக்கத்துல வந்து நின்னான். இஞ்சியும் இல்லே கத்தியும் இல்லே, என் கையைப் பார்க்கறதுக்குன்னே நின்னான். நான் கண்ணை மூடிண்டேன். கை தானா நிறைஞ்சுது.

"ஒண்ணு"ன்னேன், துணிக்குள்ளேருந்து, அடுப்பு எரியற மடப்பள்ளியில.

"ஒண்ணு"ன்னான்.

"ரெண்டு."

"ரெண்டு."

கடைசியா அரைக் கையைப் போட்டேன். "அரை"ன்னேன். துணியைத் தாண்டி வெளியில வரவே இல்லே அந்த வார்த்தை.

"சரியாக் கேக்கலே அண்ணா"ன்னான் அந்தப் படுபாவி. "இன்னொரு தடவை சொல்லுங்கோ."